குனியாமல் நடந்த தூரம்

நிக்டி, புனே
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அம்முவுக்கு,

அப்பா தன் கையாலேயே எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. கோட்டின் மேல் உட்கார வேண்டிய எழுத்தெல்லாம் சில இடத்தில் ஏறியும் சில இடத்தில் சரிந்தும் கிடக்கும். பேனாவைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடிக்கிறேன் என்று உன் அம்மா சிரிக்கிறாள். ஃபேக்டரி கேன்டீனில் அத்தனை வருஷம் சாம்பார் அண்டாவைக் கிண்டிய கை வேறு எப்படிப் பிடிக்கும். ஆனாலும் அம்மு, ஒரு வரியை எழுதி முடித்து அதை நானே திரும்பப் படிக்கும்போது, நான் சொன்னது எனக்கே வேறு யாரோ சொல்வதுபோல் கேட்கிறது. எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சமிருந்தது என்று எனக்குத் தெரியாது. தை மாதம் அம்மா காலண்டர் தாளைக் கிழித்து முன்னால் வைத்து எழுத்து சொல்லித்தர ஆரம்பித்தாள், இப்போது ஊரிலிருந்து வரும் மளிகைப் பாக்கெட் எதையும் படிக்காமல் விடுவதில்லை. நீ மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், லீவு நாளில் அம்மா சொல்லித்தந்ததுதான் உனக்கும் தமிழ். அதனால் நான் எழுதிய வேகத்திலேயே நீயும் படிப்பாய், நமக்குள் சரியாக இருக்கும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம், மழை மட்டும் அளவு மீறிப் பெய்கிறது. ஐர்லாந்திலும் மழைதான் என்று சொன்னாய், நனையாமல் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். உன் அண்ணன் குமரேசனுக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குகிறான், மிக்ஸி போட்டால் எழுந்துவிடுவான் என்று ஒரு வாரமாகச் சட்னியே இல்லை, பொடிதான். நீ ராத்திரி டூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, கூட வேலை செய்கிற பெண்களோடு சேர்ந்து வா. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் உன் அம்மா ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவாள், அண்ணி ராஜஸ்ரீ பக்கத்திலேயே இருப்பாள், அவளுக்கு இப்போது நம் தமிழ் முழுக்கப் புரிகிறது. நான் சொல்ல வேண்டியது அவள் அப்பாவைப் பற்றியது, என்னுடைய வெட்கத்தைப் பற்றியது. எழுதத் தெரிந்திருக்காவிட்டால் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

ராஜஸ்ரீயின் அப்பா தத்தோபாவை உனக்குத் தெரியும். தளேகாவ்காரர், எஸ்.டி. என்கிற கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் என்னை வ்யாஹி என்பார், நான் அவரைச் சம்பந்தி என்பேன். வருஷா வருஷம் ஆனி மாதம் மகானின் பாதுகை வைத்த பல்லக்கோடு பண்டரிபுரத்துக்கு நடப்பார், ஆகுர்டியில் பல்லக்கு தங்கும் இரவு மட்டும் நம் வீட்டில் வந்து படுப்பார். காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு இந்த வயதில் எதற்கு நடை என்று இந்தத் தடவை கேட்டேன். உட்கார்ந்துகிட்டே எல்லா ஊரும் போயாச்சு வ்யாஹி, இடுப்புக்கு மேலதான் ஊர் பார்த்திருக்கு, காலும் கொஞ்சம் பார்க்கட்டுமே என்றார். நீங்களும் ஒரு நாள் வாங்க, புனே வரைக்கும்தானே என்றார். அந்தக் கூட்டம் போகும் நாளில் ரோட்டை அடைக்கிறார்கள் என்று நான் முணுமுணுப்பதை நீ சின்ன வயதிலிருந்து கேட்டவள். எழுத்து வந்த தெம்பில் எதையும் செய்யலாம் என்று இருந்தேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குமரேசன் புதுச் செருப்பு வாங்கித் தந்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். குமரேசனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் எனக்கு முதலில் கும்பிடு போடுவார், நான் பிள்ளை வீட்டுக்காரன் என்று தலையை ஆட்டுவேன். குழம்பில் சரியாக இருக்கிற உப்பைப்போல அது எனக்குப் பழகிவிட்டது, அதைப் பற்றி யோசித்ததே இல்லை. ஆகுர்டியில் அவருடைய திண்டியில், அதாவது சேர்ந்து நடக்கிற கூட்டத்தில், போய் நின்றோம். நடக்க ஆரம்பிக்கும் முன் சம்பந்தி சட்டென்று குனிந்து, தாயே என்பதுபோல மாவுலி என்று சொல்லி என் இரண்டு காலையும் தொட்டார். நான் நிமிர்ந்தே நின்றேன். நின்றது போதாதென்று வலது கையைத் தூக்கி நல்லாயிருங்க என்று ஆசீர்வாதம் வேறு செய்தேன். பிறகு வீணை வைத்திருந்த பெரியவர் வந்து என் காலைத் தொட்டார், தலையில் துளசி மாடம் சுமந்த ஒரு அம்மாள் தொட்டாள், முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் தொட்டார்கள். எல்லோருக்கும் கையைத் தூக்கினேன். பிள்ளையின் அப்பா வந்திருக்கிறார் என்று சம்பந்தி எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார் என்றே நினைத்தேன் அம்மு. உன் மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தேன். பிம்ப்ரியில் நின்று உன் அம்மாவுக்குப் போன் போட்டு, காலையிலேர்ந்து ஆளாளுக்குக் கால்ல விழுறாங்க சரசா, நம்ம வீட்டுக் கல்யாணத்துல கூட இவ்வளவு மரியாதை இல்லை என்றேன். அதற்கு அவள், பார்த்து, அசந்தா பக்கத்துல உண்டியல் வச்சிரப் போறாங்க என்றாள்.

காசர்வாடி தாண்டி மெட்ரோ தூண்களுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தோம். ஓரத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரப் பெண் ஓடி வந்து அந்தத் துளசி அம்மாளின் காலைத் தொட்டாள். சரி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் மாடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து போலீஸ்காரியின் பூட்ஸைத் தொட்டாள். கொஞ்ச தூரத்தில் வாழைப்பழத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்த முனிசிபாலிட்டிக்காரப் பெண்ணின் காலை வீணைப் பெரியவர் தொட்டார், அவள் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் காலைத் தொட்டாள், இரண்டு பேரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ரோடு முழுக்கப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் ஒருவர் குனிகிறார், உடனே மற்றவர் குனிகிறார். யாரும் அதை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. காலையிலிருந்து வாங்கிக்கொண்டே வந்தவன் நான் ஒருவன்தான். தூக்கித் தூக்கி ஆசீர்வாதம் செய்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அங்கேயே குனிந்திருக்கலாம். சம்பந்தி நாலு அடி முன்னால்தான் தாளம் தட்டிக்கொண்டு போனார். இப்போது குனிந்தால் காலையில் குனியாதது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எல்லோரும் அதைக் காலையிலேயே பார்த்தாயிற்று என்பது எனக்குத் தோன்றவில்லை. அப்படியே தாபோடிப் பாலம் வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பாலம் தாண்டி போபோடியில் செருப்பு கடித்துக் குதிகால் கிழிந்துவிட்டது. ரோட்டோரத்தில் நம் ஜனங்கள் கட்டிய ஒரு சின்ன அம்மன் கோயில், அதன் படியில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஒரு பலகை, அதில் தமிழ். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பஸ்ஸில் எத்தனை தடவை கடந்த இடம். எழுத்துக்கூட்டினேன், காலணிகளை வெளியே கழற்றி விடவும் என்று இருந்தது. வீட்டுக்கு வெளியே நானாகப் படித்த முதல் பலகை. வேறு நாளாக இருந்தால் அங்கேயே துள்ளியிருப்பேன், அன்றைக்கு அது என்னைப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது. நான் ராஜஸ்ரீக்குப் போன் செய்தேன். அவள் வருவதற்குள் சம்பந்தி திரும்பி வந்து கீழே ரோட்டில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் எடுத்துக் குழைத்துப் போட்டார். பஸ் டயர் வெடிச்சா கூட இவ்வளவு சத்தம் போடாது வ்யாஹி என்று கேலி வேறு செய்தார். காலை இழுத்துக்கொள்ளக் கூட எனக்குத் தோன்றவில்லை. ராஜஸ்ரீ மெட்ரோ படியிலிருந்து இறங்கி வந்தபோது, அவள் மாமனாரின் கால் அவள் அப்பா மடியில் இருந்தது. ரொம்ப வலிக்குதாப்பா என்று என்னைக் கேட்டாள்.

திரும்பும்போது மெட்ரோவில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே அத்தனை ஜனமும் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து வெள்ளைத் தொப்பிகள் மட்டும்தான் தெரிந்தன, யார் யாருக்குக் குனிகிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. நான் இத்தனை நாள் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ராஜபாளையத்திலிருந்து இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து பிழைத்தவன் என்று உங்களிடமெல்லாம் எத்தனை முறை பெருமை பேசியிருப்பேன். எல்லா பாஷைக்காரனுக்கும் சோறு போட்டேன் என்பேன். அவ்வளவு தூரம் வந்தும் நான் ஏறின இடத்திலேயே இருந்திருக்கிறேன். போபோடி வரை நடந்தபோது அது எனக்குத் தெரிந்தது. வீட்டிலும் ராஜஸ்ரீ வழக்கம்போலத்தான் இருந்தாள், நேரத்துக்குச் சாப்பாடு, காலுக்கு மருந்து. ஆனால் சாயங்காலம் ஏதாவது ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, இதைப் படிங்க பார்ப்போம் என்று வம்புக்கு இழுப்பாளே, அதை விட்டுவிட்டாள்.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை சம்பந்தி திரும்பி வந்தார். பண்டரிபுரம் போய் வந்தவர்கள் காலை வீட்டிலிருப்பவர்கள் தொடுவது இங்கே வழக்கம், உனக்குத் தெரியும். எனக்கு அது வசதியாகப் போயிற்று, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். காலையிலிருந்து வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஆட்டோவிலிருந்து இறங்கினார், கறுத்து இளைத்திருந்தார், கையில் பொரியும் துளசி மாலையும். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் குனிந்தேன், அவரும் அதே நேரத்தில் குனிந்தார், இரண்டு தலையும் தேங்காய் உடைத்ததுபோல் மோதின. அரே தேவா என்று அவர் உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை, நெற்றியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் அவர் காலைத் தொட்டேன். ஈரமாக, வெடிப்பு வெடிப்பாக, காய் நறுக்கி நறுக்கி வெட்டு விழுந்த பலகைபோல் இருந்தது. வாசலில் நின்ற ராஜஸ்ரீ, ஒரே நேரத்துல குனியக் கூடாதுப்பா, ஒருத்தர் எழுந்த பிறகுதான் இன்னொருத்தர் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அம்மு, குனிந்த அந்த நொடியிலும் மேல் வீட்டு முகுந்த் பால்கனியில் நின்று பார்க்கிறானா என்று என் கண் ஒரு தடவை மேலே போய்விட்டு வந்தது. அவன் இல்லை. நான் அவ்வளவுதான் மாறியிருக்கிறேன்.

சம்பந்தி ஊருக்குப் போன பிறகு, ராஜஸ்ரீ மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்னிக்கு எனக்கு அந்த வழக்கம் தெரியாதும்மா என்றேன். அவள் நிமிராமலே, தெரியாதுன்னு எனக்கும் தெரியும்ப்பா, அப்பா போன்லயே சொல்லிச் சிரிச்சாரு, ஆனா கோயில் படியில உட்கார்ந்திருந்தப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, உங்க முகத்தைப் பார்த்தேன், தெரிஞ்சும் காலை எடுக்கலை, அதுதான் எனக்கு வலிச்சது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நானும் ஒரு கட்டை எடுத்துப் பிரித்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கீரை ஆய்ந்தோம். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்து, இதுல என்ன எழுதியிருக்கு, கண்ணாடி இல்லாம படிங்க என்றாள். கூட்டுப் பெருங்காயம் என்று படித்தேன். எழுத்து கலங்கலாகத்தான் தெரிந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ அங்கே போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பெரியவர், சொந்தம் யாரும் வராதவர், அவர் காலைக் கழுவி நகம் வெட்டி விட்டேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று சந்தோஷமாகச் சொன்னாய். இதுக்கா அவ்வளவு தூரம் போனே, வெளியில சொல்லிக்காதே என்றேன் நான். அதற்குப் பிறகு நீ எங்களிடம் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும்தான் பேசுகிறாய். உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதை நான் கவனிக்கவே இல்லை, அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நீ அந்தத் தூரத்தை எப்போதோ நடந்துவிட்டாய், நான் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறேன். எனக்கு அதையெல்லாம் சொல்லு அம்மு. வெட்கம் என்னுடையது, உன்னுடையது இல்லை.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே என்று அண்ணன் சொல்லச் சொன்னான். நம் குலசாமி உன்னைப் பனியிலும் மழையிலும் காக்கட்டும், உன் கை தொட்ட நோயெல்லாம் தீரட்டும், நீ நூறு வயது இருக்க வேண்டும். இதை எழுத எனக்கு ஆறு மத்தியானம் ஆயிற்று, விரல் வீங்கியிருக்கிறது, ஆனாலும் அடுத்த வாரம் கட்டாயம் எழுதுவேன். அதற்குள் அந்தப் பெரியவரின் பெயரை மட்டும் தமிழில் எழுதி அனுப்பு. நான் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
இருளப்பன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)