ஏரியில் வீசிய பிரேக் கம்பி

1943, ஐப்பசி, வெள்ளி இரவு. காரிமங்கலம்.

தூக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

நேற்று எங்கள் முதலாளியின் கரி பஸ் (பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடுவது), சந்தைக்கு ஆளேற்றி வரும்போது இறக்கத்தில் நிற்காமல் ஓடிப் புளியமரத்தில் மோதியது. டிரைவர் எல்லப்பனுக்குக் கால் முறிந்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்கிறான். நான் அரூரில் இருந்தேன். மெக்கானிக் நான் வந்து பார்க்கும்வரை பஸ்ஸில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன்.

இன்று வந்து பார்த்தால், பஸ்ஸைக் கழுவி மஞ்சள் தெளித்து, பூசணிக்காய் சுற்றி உடைத்திருக்கிறார்கள். புது பிரேக் கம்பியும் மாட்டியாயிற்று.

“பழைய கம்பி எங்கங்க?” என்று முதலாளியைக் கேட்டேன்.

“ரெண்டா ஒடிஞ்சி கெடந்துச்சி. அந்தப் பீடைய ஏரியில வீசச் சொல்லிட்டேன். அத வெச்சிக்கிட்டு என்ன பண்றது?”

என்ன பண்றதாம்! ஒடிந்த முனை துருவேறியிருந்தால், கம்பி முன்பே விரிசல் விட்டிருக்கிறது; மாற்றாமல் ஓட்டியது இந்தக் கஞ்சன். பளிச்சென்று இருந்தால், மோதியதில் ஒடிந்தது. தப்பு எல்லப்பன் மேல். ஒரு விரல் நீள இரும்பு போதும், எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அதற்குத்தான் இந்த மனுஷன் திருஷ்டி கழித்திருக்கிறார்.

“பஸ்ஸு தங்கமாட்டம் இருக்குது. எல்லப்பன் தூங்கிட்டான், அவ்வளவுதான். இனிமே அவனுக்கு இங்க வேல கெடையாது” என்று முடித்துவிட்டார்.

பிறகு வீட்டுக்குக் கிளம்பினார். சாயங்காலம் அதே பஸ் அவர் வாசல் வழியாகத்தான் போகிறது. முன் சீட்டும் காலியாகவே இருந்தது.

வில்வண்டியைப் பூட்டச் சொன்னார்.