சராசரி வேகம் பதினேழு

கல்கத்தா - 29
14.12.2004

அன்பு மகள் தமிழரசிக்கு அப்பா எழுதுவது,

சுந்தரராஜன் மாமாவுக்கு வலது கையும் வலது காலும் இனி வராது, பேச்சும் திரும்பாது என்று டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்க வேண்டும். நலம் கேட்கிற வரியை இரண்டாவதாகப் போட்டேன் என்று நினைக்காதே, முதல் வரியை முதலில் எழுதாவிட்டால் இந்தத் தடவையும் எழுதாமலே கவரை ஒட்டியிருப்பேன்.

நீ மூன்று தடவை போன் செய்து மூன்று தடவையும் என்ன நடந்தது என்று கேட்டாய். சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், உங்க மககிட்டயாவது நேரா சொல்லுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

போன மே மாதம் நீ ஒரு தாள் அனுப்பினாய் அல்லவா, பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்கள் எந்த சைக்கிளில் எவ்வளவு வேகம் போவார்கள் என்று. கனத்த சாதா சைக்கிள் என்றால் மணிக்குப் பன்னிரண்டில் இருந்து பதினைந்து கிலோமீட்டர், கியர் வைத்தது பதினாறில் இருந்து இருபது, ஒல்லி டயர் போட்டுக் குனிந்து ஓட்டுகிற ரேஸ் வண்டி இருபத்திரண்டுக்கு மேல். அதைக் கடையில் காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினுக்கு மேலே ஒட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றுகிற எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் ஆறு மாதமாகப் பேச்சு. மாமாவிடம் அந்தப் பழைய கறுப்பு சைக்கிள், ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கியது. என்னிடம் கியர் சைக்கிள். பாங்கி ஆபீசர் தீபக், மதுரையில் இருந்து மாற்றலாகி வந்த பையன், அவனிடம் ரேஸ் வண்டி, அதில் வேகம் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர். அவனைக் கூடவே ஓட்டி வரச் சொல்லி ஆளுக்கு ஆள் அளந்து பார்த்தோம். மாமா பன்னிரண்டு, நான் பதினாறு, தீபக் இருபத்து மூன்று. உன் தாளில் போட்டிருந்தபடியே வந்ததில் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அறுபத்து மூணு வயசுல நான் இன்னும் தாளுக்குள்ளதான் இருக்கேன் ஓய் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

இனி என் புத்தியைக் கேள். தெற்கே டைமண்ட் ஹார்பர் ஊரில் ஒரு ஹோட்டல்காரர் நம் காப்பித்தூளைப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்தால்தான் இருப்பேன், எட்டரைக்குக் கிளம்பிவிடுவேன் என்றும் சொன்னார். பஸ்ஸில் போயிருக்கலாம். போகிறதுதான் போகிறோம், மூன்று பேரும் சைக்கிளிலேயே போய்வந்தால் சவாரியும் ஆச்சு வியாபாரமும் ஆச்சு என்று நான்தான் கிளப்பிவிட்டேன். கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர், காலை ஐந்துக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரம். அப்போது நான் வேகத்துக்கு என்ன செய்தேன் தெரியுமா, காப்பிக்குச் செய்வதைச் செய்தேன். பீபெரிக் கொட்டை ஒரு விலை, பிளான்டேஷன் கொட்டை ஒரு விலை, மலிவான சிக்கரி ஒரு விலை, மூன்றையும் கலந்து சராசரி விலை போட்டு விற்கிறோம் இல்லையா, அந்த மாதிரி பன்னிரண்டையும் பதினாறையும் இருபத்து மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். பதினேழு வந்தது. பதினேழில் போனால் எட்டு மணிக்கு டைமண்ட் ஹார்பர். கடை நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து பெஹாலா இத்தனை மணி, ஜோகா இத்தனை மணி, ஆம்தலா இத்தனை மணி என்று ரயில்வே டைம் டேபிள் மாதிரி எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். மாமாவிடம் சொன்னேன், சாமி, நீங்க அஞ்சு ஏறணும், நான் ஒண்ணு ஏறணும், தீபக் ஆறு இறங்கணும், கூட்டிக் கழிச்சா சரியா இருக்கு என்று. அவர் அந்தத் தாளை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, அப்ப நான்தான் சிக்கரின்னு சொல்லும், கலந்துட்டா தெரியாது என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தீபக் ஆறு இறங்குவது அவனுக்கு உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற மாதிரி. கனத்த வண்டியில் அந்த வயசில் ஐந்து ஏறுவது என்பது வேறு சமாச்சாரம். ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுதான் என்று முப்பது வருஷம் தராசு பிடித்த கை எனக்குச் சொல்லியது. உன் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது, சேர்ந்து போகும்போது யார் எல்லோரையும்விட மெதுவோ அவர் வேகத்திலேயே மற்றவர்களும் போக வேண்டும் என்று. நான் படிக்கவில்லை என்று நினைக்காதே. படித்தேன். இது வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் நாற்பது கிலோ தூளைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஹவுரா வரைக்கும் மிதித்தவன் நான், மனசு வைத்தால் யாரும் மிதிக்கலாம் என்பது என் எண்ணம். நீ அந்தத் தாளை அனுப்பியதால்தான் என்று ஒரு நாளும் நினைக்காதே, தாள் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

நவம்பர் இருபத்தொன்று. கிளம்பும்போது பாகீரதி மாமி வாசலுக்கு வந்து மாமாவின் சட்டைப் பையில் பிரஷர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வைத்தார். ஆறு மணிக்கு எங்கயாவது டீ குடிச்சுட்டு போட்டுக்கோங்கோ, மறக்கப்படாது என்றார். இது என் காதில் விழுந்தது. ஜோகா வரைக்கும் பதினேழுக்குக் குறையாமல் போனோம், தீபக் முன்னால் மீட்டரைப் பார்த்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனான். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாமா என் பக்கத்தில் வந்தார். நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில். ஓய் மாரியப்பன், ஒரு டீக்கடை வரது பாரும், நிறுத்தலாமா என்றார். நான் கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்த்தேன். நாலு நிமிஷம் பின்தங்கி இருந்தோம். அடுத்த கடையில சாமி என்றேன். அடுத்த கடையும் வந்தது, ஆம்தலா தாண்டட்டும் என்றேன். மூன்றாவது கடைக்கு அவர் கேட்கவில்லை. அதையும் நான் கவனித்தேன், கேட்காததைக் கவனித்து, பரவாயில்லை தாங்குகிறார் என்று நினைத்தேன். ஆம்தலா தாண்டி ஒரு மைல் போயிருப்போம், தீபக் திரும்பிப் பார்த்துவிட்டு, சார், மாமா வளைஞ்சு வளைஞ்சு வர்றாரு என்றான். விளையாட்டு காட்டுகிறார் என்று சொல்லிவிட்டு நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் சைக்கிள் செங்கல் அடுக்கில் மோதின சத்தம். வலது கை பிரேக்கைப் பிடிக்கவில்லை. போய்த் தூக்கினால் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

அங்கே காரும் இல்லை, ஆட்டோவும் இல்லை. காய்கறி ஏற்றுகிற வேன் ரிக்ஷா ஒன்று வந்தது, உனக்குத் தெரியுமே, பின்னால் பலகை போட்டுக் காலால் மிதிக்கிறது. அதில் அவரைப் படுக்கவைத்துத் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். சீக்கிரம் போப்பா என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் கத்தினேன். அந்தக் கிழவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆஸ்தே பாபு, ஆஸ்தே, மெதுவாகப் போனால்தான் தலை ஆடாது என்று சொல்லிவிட்டு அவர் வேகத்தில் மிதித்தார். தீபக் பக்கத்தில் ஓட்டி வந்தான். அவன் மீட்டரில் ஏழு காட்டியது. அப்போதும் நான் அதைத்தான் பார்த்தேன். அன்றைக்கு எங்களில் வழி தெரிந்து போனவர் அந்த ஒருத்தர்தான்.

ஆம்தலாவில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டி, அங்கிருந்து வண்டி பிடித்து இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. பத்தொன்பது நாள் வைத்திருந்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லாகிவிட்டது என்று அனுப்பவில்லை, இனி செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். முதல் நாள் ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றி மாமியிடம் கொடுத்தபோது பையில் அந்த மாத்திரை மடித்த காகிதத்தோடு அப்படியே இருந்தது. மாமி அதைப் பிரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மடித்துத் தாலிக்கொடியோடு சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். என்னோடு பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான். டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து, அந்த ஒரு மாத்திரையை ஆறு மணிக்குப் போட்டிருந்தால் தப்பியிருப்பாரா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்வார் என்று நம்பிப் போயிருந்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அந்த ஹோட்டல்காரர் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டு, மாதிரிக்குப் பத்து கிலோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். தூளை அரைத்து, பாக்கெட் போட்டு, பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் எனக்கு மட்டும் காப்பி போடவில்லை.

மற்ற செய்திகள் அதிகம் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், ஆனாலும் தினம் இரண்டு வேளை மாமா வீட்டுக்கு நடந்து போய் வருகிறாள், அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு ஆள் வேண்டும், பிள்ளை குட்டி இல்லாத வீடு. தீபக் சைக்கிளை விற்றுவிட்டான், மாற்றலுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று கேள்வி, கடைப் பக்கம் வருவதில்லை. என் வண்டி பரண்மேல் கிடக்கிறது. மாமாவின் கறுப்பு சைக்கிளை ஆம்தலாவில் இருந்து லாரியில் கொண்டுவந்தேன். முன்சக்கரம் மட்டும் கோணல், மற்றபடி ஒன்றும் ஆகவில்லை, அந்தக் காலத்து இரும்பு. உன் தாளை மிஷினுக்கு மேலே இருந்து எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன், அந்த அடி வரி கண்ணில் பட்டது, இறங்கிவிட்டேன்.

நீ டிக்கெட் வாங்கி வருகிறேன் என்கிறாய். வராதே. உன்னை சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் ஓட்டிப் பழக்கினவர், உன்னைப் பார்த்தால் பேச முயல்வார், பேச்சு வராது, கண்ணில் தண்ணீர் மட்டும் வரும். எங்களைப் பார்த்தாலே அப்படித்தான். அவருக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம், சரியாவதற்கும் இனி ஒன்றும் இல்லை. லீவைச் சேர்த்து வைத்துக்கொள், பின்னால் மாமிக்குத் தேவைப்படும். நீ ஆபீசுக்கு சைக்கிளில்தான் போகிறாய் என்று தெரியும். பனி விழுந்த ரோட்டில் போகாதே, முன்விளக்கு எரிகிறதா என்று பார்த்து ஏறு. கூட வருகிறவர் நிறுத்து என்று ஒரு தடவை சொன்னால் அப்போதே நிறுத்து. இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நீ நல்லா இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. மாமிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே, என்னைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம்.

மாமி என்னோடு பேசினாரா என்று போனில் கேட்டாய். இன்று சாயங்காலம் பேசினார். நானாகப் போனேன். வாங்கோ என்று சொல்லவில்லை, கதவை மட்டும் திறந்துவிட்டார். மாமா ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தார், தலை சரிந்திருந்தது. நான் வியாபாரி, வேறென்ன வரும் வாயில், பகலுக்கு ஒரு ஆள் ராத்திரிக்கு ஒரு ஆள் போட்டுத் தருகிறேன் மாமி, எத்தனை வருஷமானாலும் செலவு என்னுடையது என்று சொன்னேன். மாமி அவர் தலையை நிமிர்த்தித் தலையணையில் சாய்த்தார். பிறகு சொன்னார்: "ஆள் எல்லாம் வேண்டாம். முப்பது வருஷமா அவர் உங்க வேகத்துக்கு வந்தார். இனிமே நீங்க அவர் வேகத்துக்கு வாங்கோ."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் ஒவ்வொன்றுக்கும் சரி என்றேன். தினம் காலை ஆறு மணிக்கு நான் போக வேண்டும். கையில் வாட்ச் இருக்கக் கூடாது. நாற்காலியை நானே தள்ளி ஏரிக்கரையில் ஒரு சுற்று, எவ்வளவு நேரமானாலும், கடை திறக்க ஆள் காத்திருந்தாலும். முதலில் வருகிற டீக்கடையில் நிறுத்த வேண்டும். டீயை ஆற்றி, தொண்டையில் இறங்குகிற அளவு ஸ்பூனில் கொடுத்து, மாத்திரையைப் பொடி செய்து என் கையால் போட வேண்டும். மழை நாள் போக மற்ற நாள் ஒன்றுகூடத் தவறக் கூடாது. எதுவரைக்கும் என்று கேட்டேன். அவர் இருக்கிற மட்டும் என்றார்.

நாளையில் இருந்து தொடங்குகிறேன்.

உன் அப்பா
மாரியப்பன்