மூன்றாம் சுரங்கத்தின் காற்று

நிலவுத் தென்முனை, பனிச் சுரங்க நிலையம்
பதிவு: தாட்சாயணி, மேலாண்மைப் பயிற்சியாளர்

நாள் 41, 08:10
மூன்றாம் சுரங்கம். பணியில் ஒன்பது பேர். திரையில் ஆக்சிஜன் 20.8 சதவீதம். கையெழுத்திட்டேன். நான்கு நாளாக ஏன் ஒரே அளவு என்று காலைச் சாப்பாட்டின்போது கேட்டேன். எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

நாள் 42, 11:30
மீண்டும் 20.8. ஒன்பது பேர் மூச்சுவிடும் இடத்தில் புள்ளிகூட நகரவில்லை. நிலைய மேலாளர் செல்வினிடம் ரேடியோவில் கேட்டேன். "நீ மேனேஜ்மென்ட் கத்துக்க வந்தியா, மெஷின் ரிப்பேர் பண்ண வந்தியா?"
மதியம் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் செய்திகள் ஒருநாள் தாமதமாகப் போகின்றன. யாரோ படிக்கிறார்கள்.

நாள் 43, 14:05
ஆக்சிஜன் அளக்கும் கைமீட்டருடன் உள்ளே போனேன். 17.1. 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. சுவர் உணர்கருவியின் வயர் கழற்றப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் திரைக்கு எண் எங்கிருந்து வருகிறது? துளைப்பான் ஓட்டும் அந்தோணிசாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு வாரமா தலைவலி மேடம். சொன்னா ஊருக்கு அனுப்பிருவாங்க."
தலைமையகத்துக்குப் புகார் அனுப்பினேன்.

நாள் 43, 15:40
தலைமையகம்: "புகார் கிடைத்தது. நடவடிக்கைக்காக உங்கள் மேலாளருக்கே அனுப்பியுள்ளோம்."
பத்து நிமிடத்தில் செல்வின்: "மேல எழுதினியாமே. பரவால்லம்மா. நாளைக்கு மூணாம் சுரங்கத்த நீயே பாத்துக்கோ." குரலில் கோபமே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

நாள் 44, 09:20
அபாயச் சங்கின் பொத்தானை அழுத்தினேன். ஒன்பது பேரும் வெளியே வந்தார்கள். ஒலிபெருக்கியில் செல்வின்: "தப்பான அலாரம். திரையப் பாருங்க, எல்லாம் சரியா இருக்கு. உள்ள போங்க."
மீட்டரைக் காட்டினேன். 16.6. பார்த்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே திரும்பினார்கள். அந்தோணிசாமி மட்டும் நின்றார். "நீங்க சொல்றது நெஜம்தான் மேடம். ஆனா வேலை அவர் கையில இருக்கு."
அவரும் போனார். என்னால் வெளியே நிற்க முடியவில்லை. நானும் உள்ளே போனேன்.

நாள் 44, 10:35
15.2. கதவு திறக்கவில்லை. செல்வின்: "சின்னக் கோளாறு. பத்து நிமிஷம்." சொல்லி அரைமணி ஆகிறது. கோளாறா, வேண்டுமென்றேவா? தெரியவில்லை.

நாள் 44, 10:58
13.9. எழுத்து கோணுகிறது. ரேடியோவில் தலைமையகத்துக்கான அறிக்கை கேட்கிறது. செல்வினின் குரல்: "மூன்றாம் சுரங்கம், பராமரிப்புக்காக மூடல். உள்ளே பணியாளர் எவருமில்லை."

இதை எடுப்பவருக்கு. உள்ளே பத்துப் பேர் இருக்கிறோம். அந்தோணிசாமி. முத்துராக்கு. லூர்துராஜ். காசிலிங்கம். பீர்முகமது. சந்தனக்கு