பதினொன்று முதல் நாலு வரை ஓப்பன்

29 செப்டம்பர் 2025, திங்கள்

மாக் மண்டினில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயரும் போயிருக்கிறது. நேர்காணல் முழுக்க ஆங்கிலத்தில். வீட்டில் பிரமிளா கட்டளை போட்டுவிட்டாள்: வாரம் ஒரு சொல், அதன் எல்லா அர்த்தங்களோடும் எழுத வேண்டும். முதல் சொல் ஓப்பன்.

"இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"தெரிஞ்சதத்தான் தப்பா சொல்றீங்க. ஃபேன், லைட்டு போடச் சொல்றதுக்கு ஃபேன ஓப்பன் பண்ணு, லைட்ட ஓப்பன் பண்ணுன்னு. இங்கிலீஷ்ல அப்படி இல்லலா, வாசு சார்."

கட்டிய மனைவி சார் என்று கூப்பிட்டால் கிண்டல் என்று அர்த்தம். நாற்பத்துமூன்று வருஷமாக ஓப்பன் பண்ணிய ஃபேனை இனி என்ன பண்ணுவது?

2 அக்டோபர், வியாழன்

கடை ஓப்பன். முடிவு காணாத கேள்வி ஓப்பன். மூடாத காயமும் ஓப்பன். எங்கள் தொழிற்சாலைப் பலகையில் பழுதான மெஷின்களுக்கு நேராக ஓப்பன் என்று எழுதுவோம். சரிசெய்யும்வரை அது அழியாது. பக்கத்தில் எத்தனை நாளாக என்றும் குறிக்க வேண்டும்.

5 அக்டோபர், ஞாயிறு

இருபத்தாறாம் தேதி எங்கள் வீட்டுத் தீபாவளி ஓப்பன் ஹவுஸ், தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வீட்டில் விருந்து. அட்டையை நானே தயார் செய்தேன்: பதினொன்று முதல் நாலு வரை. வேலையிடத்து ஹக்கீமும் மற்ற மலாய் நண்பர்களும் வருவதால் ஹலால் கடையில் சாப்பாடு. பிரமிளா பட்டியல் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"காமினி?"

நான் எழுந்து போய் மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். நேற்றுதான் கழுவியிருந்தேன்.

6 அக்டோபர்

காமினி என் ஒரே தங்கை. கமாலைக் கட்டிக்கொண்டு மதம் மாறி ஆறு வருஷம். அன்று வீட்டு வாசலில் நின்று, "இனிமே இங்க வராத" என்று சொன்னது நான்தான். அப்பா இருந்திருந்தால் அப்படிச் சொல்லவிட்டிருக்க மாட்டார். அம்மா குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் அவளோடு போனில் பேசுகிறார். நானும் கேட்காததுபோல் இருக்கிறேன். சூலியா தெருவில் அவர்களுடைய சாப்பாட்டுக் கடை. அக்கரையில் வேலைக்குப் போக ஃபெர்ரி பிடிக்கப் போகும்போது அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன், தினமும்.

பலகையில் எழுதினால் எத்தனை நாள் வரும்? இரண்டாயிரத்துக்கு மேல்.

12 அக்டோபர்

காமினிக்கும் அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் போன அதே அட்டை. கூட ஒரு வரி சேர்க்க நினைத்தேன், வரவில்லை.

13 அக்டோபர்

"வர்றோம்ணே." அவ்வளவுதான் பதில். அம்மாவிடம் காட்டினேன். போனை வாங்கி இரண்டு முறை படித்தார். சாப்பிடும்போது என் தட்டில் கேட்காமலே இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

26 அக்டோபர், ஞாயிறு

சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார்கள். காமினி, கமால், நான் இதுவரை பார்க்காத மருமகள் அதிரா. ஐந்து வயது. அம்மா குழந்தையை இறக்கிவிடவே இல்லை. காமினி ஹக்கீம் குடும்பத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சமையலறைப் பக்கம் போகவில்லை. தண்ணீர்கூடக் கேட்டு வாங்கித்தான் குடித்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

மூன்றே முக்காலுக்கு அவள் எழுந்தாள். அம்மா கையைப் பிடித்தார்.

"இரும்மா, இப்பதானே வந்த."

"நாலு மணி வரைக்கும்தானே மா? அண்ணே அனுப்பின அட்டையில போட்டிருக்கே."

கோபமாகச் சொல்லவில்லை. விருந்துக்கு வந்தவள் சொல்வதுபோல் சொன்னாள். கமால் என்னிடம் கைகொடுத்து நன்றி சொன்னார். போய்விட்டார்கள்.

27 அக்டோபர்

பொறந்த வீட்டுக்கு வர்றதுக்கு டைம் போட்டு அனுப்பியிருக்கேன். எங்கயாவது நடக்குமா இது? ஹக்கீமுக்கு அனுப்பினதையே அவளுக்கும் — ஏன்டா வாசு, ஒரு போன் பண்ண முடியலயா உனக்கு? வாயால வராதன்னு சொல்லத் தெரிஞ்சுதே, வான்னு சொல்ல அட்டை கேக்குதோ?

அம்மா இன்று என்னோடு பேசவில்லை.

30 அக்டோபர், வியாழன்

வேலை முடிந்து சூலியா தெருவுக்குள்ளேயே வண்டியை விட்டேன். கல்லாவில் கமால். "வாங்க மச்சான்" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். காமினி உள்ளே இருந்து வந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"அந்த அட்டை வெளியாளுங்களுக்குத்தாம்மா. ஒனக்கு நேரம் கெடையாது. அன்னைக்கு வாசல்ல நான் சொன்னதும் தப்பு. மன்னிச்சிரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். பிறகு ரொட்டி சானாய் கொண்டுவந்து வைத்து, "ஆறுது, சாப்புடுங்க" என்றாள். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

4 நவம்பர்

நேர்காணல் முடிந்தது. ஓப்பன் பற்றி யாரும் கேட்கவில்லை.

11 நவம்பர், செவ்வாய்

வேலை முடிந்து ஆறரைக்கு வீடு வந்தேன். வாசலில் சின்னதாக ஒரு ஜோடி செருப்பு, பக்கத்தில் பெரிய ஜோடி. போன் பண்ணவில்லை, சொல்லி அனுப்பவில்லை. உள்ளே அம்மாவின் குரல். இன்று குழாய்ச் சத்தம் இல்லை.

நான் காலணியைக் கழற்றுவதற்குள் சமையலறையிலிருந்து ஒரு அதட்டல்:

"அண்ணே, வந்துட்டீங்களா? அந்த ஃபேன கொஞ்சம் ஓப்பன் பண்ணுங்க, வேர்க்குது!"

பிரமிளா என்னைப் பார்த்தாள். நான் போய் ஓப்பன் பண்ணினேன்.