உங்கள் சைக்கிளுக்கு நான் அடித்த நீலப் பெயிண்ட்

என் பிரியமான மச்சானுக்கு,

நீங்கள் போன பிறகு சின்னமனூர் வீட்டில் நானும் உங்கள் சைக்கிளும்தான். மார்க்கையன்கோட்டை சத்துணவு மையத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பஸ்ஸை நம்பினால் பிள்ளைகளின் சாப்பாடு தாமதமாகிவிடுகிறது. கல்யாணமான புதிதில் கொல்லையில் எனக்கு ஓட்டப் பழக்கிவிட்டீர்களே, அந்தத் தைரியத்தில் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் டீக்கடையைத் தாண்டும்போது ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "புருசன் செத்து வருசம் திரும்பல, அவன் வண்டியில ஏறி உக்காந்துட்டா பாரு." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இறங்கி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். ஊருக்கே தெரிகிற மாதிரி அது உங்கள் வண்டியாக இருக்கிறதே என்றுதான் எரிச்சல் வந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, மச்சான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களைக் கழற்றிவிட்டு வெறும் பிரேமைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டேன். உங்கள் கால் உரசி உரசித் தேய்ந்திருந்த இடத்தில்தான் முதலில் பிளேடை வைத்தேன். கறுப்புப் பெயிண்ட் சுருள் சுருளாக வந்தது. மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் நகக்கண்ணெல்லாம் எரிந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்ததும் நீலம் அடித்தேன். ஆடிக் காற்று விடுமா? புழுதியை அள்ளி ஈரப் பெயிண்டில் ஒட்டிவிட்டது. இப்போது தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. ஆனாலும் உங்கள் வண்டி மாதிரி இல்லை. அதுதானே எனக்கு வேண்டியிருந்தது?

போன வாரம் மையத்து வாசலில் ஒரு பிள்ளையின் அம்மா, யார் வண்டி டீச்சர் என்று கேட்டாள். வெளியூரில் பழசாக வாங்கியது என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் உங்கள் அப்பா நிற்கிறார். என்னைப் பார்த்துப் போக வாழைப்பழச் சீப்போடு போடியிலிருந்து வந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

மாமா வண்டிப் பக்கம் வந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்து பிரேக்கை அழுத்திப் பார்த்தார். "முன் பிரேக்கு பிடிக்கலத்தா. எறக்கத்துல பாத்துப் போ" என்றார்.

"மாமா, இது அவுக வண்டிதான்." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தெரியும்த்தா. வாங்கிக் குடுத்தது நாந்தான."

பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தார். ஏறிக்கோங்க மாமா, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் நாலு பேர் பார்ப்பார்களே என்று அப்போதும் யோசித்தேன். இப்படிப்பட்ட ஒருத்தியையா கட்டிக்கொண்டோம் என்று நினைப்பீர்களா? இல்லை, வழக்கம்போலச் சிரித்துவிடுவீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போகிறேன். முதலில் மாமாவிடம் மன்னிப்புக் கேட்பேன். அடுத்த தடவை அவர் வரும்போது, பஸ் ஸ்டாண்டிலிருந்து கேரியரில் உட்காரவைத்து, கடைத்தெரு வழியாகவே மிதித்துக்கொண்டு வருவேன். யார் வண்டி என்று எவராவது கேட்கட்டும். புருசன் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருசம் இருந்தவள், அன்றைக்குச் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மாமன் மகள்,
பாண்டியம்மாள்