வடத்தின் மேல் வைத்த கை

சங்கரன்கோவில்
1953, மாசி மாதம்

பட்டணத்தில் படிக்கிற மகன் வைத்தியலிங்கத்துக்கு அம்மா பகவதி எழுதியது. சங்கரநாராயணர் புண்ணியத்தில் இங்கே ஒருவர் உயிரும் போகவில்லை, அதைச் சுகம் என்று சொல்லலாம் என்றால் நாங்கள் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்லபடியாக இருக்கிறாயா என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன், அதற்குள் உன் கார்டு வந்து விழுந்தது. நிற்க. அதையா கார்டில் எழுதுவாய். அடுத்த வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன், சித்தப்பன் தலையை எடுத்துவிட்டுத்தான் அப்பா முகத்தில் முழிப்பேன் என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாய், தபால்காரர் அதை என் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் எதிர்வீட்டு மாட்டைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார். நம் தெருவிலிருந்து பட்டணத்துக்கு வந்தவன் எவனோ உன்னிடம் சொல்லியிருக்கிறான், பாதிதான் சொல்லியிருக்கிறான். மீதியை நான் சொல்லுகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்பு எழுத்துத்தான், கோணல்மாணலாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படி, படித்துவிட்டு அப்புறம் ரயில் ஏறுவதா பரீட்சை எழுதுவதா என்று நீயே முடிவு செய்துகொள்.

உன் படிப்புக்கு சர்க்கார் உபகாரச் சம்பளம் வந்தது உனக்குத் தெரியும், எப்படி வந்தது என்பது உனக்குச் சரியாகத் தெரியாது. நீ மனுப் போட்டபோது குடும்ப வருமானம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் கிடையாது என்றார்கள். நமக்கோ அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரியாத குடும்பம், தோட்டம், கிணறு, மானாவாரிக் காடு எல்லாம் உன் தாத்தா பேரில் ஒரே பட்டா, கணக்கெடுத்தால் மொத்த வருமானமும் மூத்தவர் என்று அப்பா தலையில் விழும். அப்போது தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுக்கிற ராமசுப்பு இருக்கிறாரே, அவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, வே, பேருக்கு ஒரு பாகப்பத்திரம் போட்டுரும், தோட்டத்தையும் கிணத்தையும் தம்பி பேருக்கு எழுதும், காட்டை மட்டும் உம்ம பேருல வச்சுக்கிடும், வருமானம் தன்னால இறங்கிரும், பையன் படிப்பு முடிஞ்சதும் மாத்தி எழுதிக்கிடலாம் என்று சொல்லிக்கொடுத்தார். சித்தப்பா மூக்காண்டி அன்றைக்கு, அண்ணன் பிள்ளை படிக்கதுக்கு எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், அவர் மனசில் அப்போது ஒன்றும் இல்லை, அதை நான் இன்றைக்கும் சொல்லுவேன். பதிவு ஆபீசில் அவர் கையெழுத்துப் போட்டார், அப்பா எப்போதும்போல இடது பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். வீட்டுக்கு வந்து எல்லாரும் ஒரே பானைச் சோற்றைத் தின்றோம். உன் அப்பாவுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை, கவர்மெண்டையே ஏமாத்திட்டோம்ல என்று சொல்லி இரண்டு தரம் மோர் வாங்கிக் குடித்தார்.

அந்தப் பத்திரம் சித்தப்பா வீட்டு மரப்பெட்டியில் சும்மா கிடந்திருந்தால் ஒன்றும் இல்லை. உன் சித்தி வடிவாம்பாளின் அண்ணன் சுடலைமுத்து பனவடலிசத்திரத்திலிருந்து தைப்பொங்கல் சீர் கொண்டுவந்தவன் அதை எடுத்துப் படித்துவிட்டான். படித்தவன், மாப்பிள, தோட்டமும் கிணறும் உம்ம பேருலல்லா இருக்கு, பிறகு எதுக்கு வருசாவருசம் அண்ணனுக்குப் பாதி அளந்து குடுக்கீரு என்று ஓதிவிட்டுப் போனான். சித்தப்பா மனசிலும் ஒரு புண் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு வருகிற சம்பளம் காலேஜ் ஃபீசுக்குத்தான் காணும், ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் புஸ்தகத்துக்கும் தோட்டத்து மிளகாய் வத்தலை விற்றுத்தான் அனுப்பினோம், அதில் அவர் பங்கும் சேர்ந்துதான் போனது. ஒருநாள் அப்பாவிடம், உம்ம மவன் படிப்புக்கு எம் மூணு பொட்டப்பிள்ளைக காது மூளியாக் கெடக்கு, இனிமே தோட்டத்துக்குள்ள கால் வைக்காதீரும் என்று சொல்லிவிட்டார். அப்பா அதைக் கோபத்தில் சொல்லுகிறான் என்று நினைத்தார். தம்பி பேச்சு எதையுமே அவர் நிஜம் என்று எடுத்தது கிடையாது, அவர் கணக்கில் சித்தப்பா இன்னும் டவுசர் போட்ட பையன்தான்.

அடுத்த நாள் விடிந்ததும் அப்பா வழக்கம்போல மாட்டைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலையில் பூட்டிவிட்டார். நான் மிளகாய்ப் பாத்தியில் மம்பட்டியோடு நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. கமலை மாடு இடையில் நிற்காது, என்னமோ ஏதோ என்று ஓடினேன். கிணற்றடியில், சித்தப்பாவுக்குத் துணைக்கு வந்திருந்த சுடலைமுத்து மாட்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றான், அப்பா விடச்சொன்னார், அவன் விடவில்லை, அப்பா கையில் இருந்த சாட்டைக்கம்பைப் பிடுங்கி அவர் முதுகிலேயே இழுத்தான். உன் அப்பா லேசுப்பட்டவரா, அவன் கழுத்தைப் பிடித்துக் கிணற்றுக் கல்லில் கொண்டுபோய் மோதினார், அவன் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. அந்த நேரத்தில்தான் சித்தப்பா அரிவாளோடு வந்தார். அவர் மனுஷரை வெட்ட வரவில்லை, மாடு இழுக்கிற வடக்கயிற்றை அறுக்க வந்தார், வடம் இல்லையென்றால் கமலை ஓடாதல்லவா. தண்ணீர் மொள்ளுகிற சால் நிறைந்து கிணற்று வாய்க்கு வந்து நின்றது, வடம் விறைத்துப்போய் இருந்தது. அப்பா சுடலைமுத்தை விட்டுவிட்டுப் போய் நுகத்தடிக்குப் பக்கத்தில் வடத்தின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, வெட்டுலே பாப்போம் என்றார். தம்பி வெட்டமாட்டான் என்று வைத்த கை அது. சித்தப்பா அவர் முகத்தைப் பார்த்தார். நானும் வெட்டமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெட்டிவிட்டார்.

பாதி அறுந்த வடம் சால் கனத்தில் படீர் என்று தெறித்துப்போனது, சால் கிணற்றுக்குள் விழுந்த சத்தத்தில் அடுத்த தோட்டத்து ஆட்கள் ஓடிவந்தார்கள், மாடு இரண்டும் முன்னால் போய்ச் சரிந்து செவலை மாட்டுக்கு முழங்கால் தோல் உரிந்துவிட்டது. அப்பாவின் இடது பெருவிரல் மாட்டுக் குளம்படி மண்ணில் கிடந்தது. அப்பா கையைப் பார்க்கவில்லை, சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி எங்கிருந்தோ ஓடிவந்து சேலை முந்தியைக் கிழித்து அவர் கையில் சுற்றினாள், சுற்றினவளை சுடலைமுத்து, கூடப்பிறந்த தங்கையை, அங்கன என்ன கட்டு வேண்டிக்கெடக்கு என்று வயிற்றில் எட்டி உதைத்தான். அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்று ஊரே சொல்லும். மம்பட்டியைத் திருப்பிப் பிடித்துத் தோளில் ஒன்று போட்டேன், கீழே விழுந்தவனுக்கு முழங்காலில் ஒன்று போட்டேன், மூன்றாவது தலைக்குத்தான் ஓங்கினேன், சித்திதான் என் காலைக் கட்டிக்கொண்டாள். வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று அவன் கட்டுப்போடுகிற இடத்தில் சொன்னானாம், பொம்பளை கையால் அடி வாங்கினேன் என்று சொல்ல மீசை இடம்கொடுக்கவில்லை. ஆகவே நீ வந்து வெட்டித்தான் நம் வீட்டு மானம் நிற்கவேண்டும் என்று இல்லை மக்கா, அதற்கு உன் அம்மா போதும்.

ஆஸ்பத்திரியில் கையைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வந்துவிட்டது. அதற்கு முன்னால் ராமசுப்பு ஓடிவந்து அப்பா காதில் ஓதினார். தம்பி வெட்டினான் என்றால் எதற்கு வெட்டினான் என்று கேட்பார்கள், தோட்டம் யாருடையது என்று கேட்பார்கள், பத்திரம் பொய் என்று சொன்னால் பையனுக்கு உபகாரச் சம்பளம் போகும், பொய் வருமானம் காட்டினதற்கு உம் மேல் கேசும் வரும், பையனைக் காலேஜை விட்டு அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று. அப்பா இன்ஸ்பெக்டரிடம், வடத்துல கை மாட்டிக்கிட்டு, ஒருத்தரும் ஒண்ணும் செய்யலை என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர், வடம் இப்படிச் சீவினாப்புல வெட்டுமாவே என்று கேட்டார். எங்க வடம் வெட்டும் என்றார் உன் அப்பா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், உன் பரீட்சையை நினைத்துத்தான் நின்றேன்.

அப்படியே விட்டிருப்பேனோ என்னமோ. சுடலைமுத்து நொண்டிக்கொண்டே அவன் மாட்டைக் கொண்டுவந்து நம் கமலையில் பூட்டினான், அதைக்கூடப் பொறுத்தேன். கடைத்தெருவில் நான் உப்பு வாங்கிக்கொண்டு நிற்கையில் நாலு பேர் கேட்க, மூத்தவரு பெருவிரலை வித்து மவனைப் படிக்க வைக்காரு என்று சொல்லிச் சிரித்தான். அதற்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை. உப்பை அங்கேயே வைத்துவிட்டு நேரே தாலுகா ஆபீசுக்குப் போனேன். பத்திரம் பேருக்குப் போட்டது, வருமானம் பொய், தோட்டம் இரண்டு பேருக்கும் சொந்தம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே இருந்த அதிகாரி, அம்மா இதைச் சொன்னால் பையனுக்குப் பணம் நின்றுபோகும், இந்த வருஷம் வாங்கினதையும் திருப்பிக் கட்டவேண்டி வரும், புரிந்துதான் சொல்கிறீர்களா என்று தன்மையாகத்தான் கேட்டார். வெட்டுனவன் வெட்டுனான்னு சொல்லவிடாம வாயை அடைக்குத சம்பளம் எங்களுக்கு வேண்டாம்யா, எழுதிக்கிடுங்க என்றேன். நாமே வந்து சொன்னதால் கேஸ் இல்லாமல் பணத்தைத் திருப்பிக் கட்டவிட மேலே எழுதுவதாகச் சொன்னார். அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன், நான் மம்பட்டியால் அடித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவன் அங்கேயும் வண்டியிலிருந்து விழுந்ததாகவே சாதித்ததால் என்னை விட்டுவிட்டார்கள். இப்போது சித்தப்பாவும் சுடலைமுத்தும் சப்ஜெயிலில் இருக்கிறார்கள். சித்தியும் மூன்று பிள்ளைகளும் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். நீ அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தால் இங்கே யாரை வெட்டுவாய் என்று யோசித்துப் பார்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. என் கையால் சோறு வாங்குவதில்லை, சித்தி வைத்தால் சாப்பிடுகிறார், தம்பியை நான்தான் ஜெயிலில் போட்டேன் என்று என் மேல் ஆத்திரம். ஆத்திரப்படட்டும், கை ஆறினால் போதும். புது வடம் வாங்கிப் போட்டு, கிணற்றுக்குள் விழுந்த சாலை ஆள் இறக்கி எடுத்து, கமலையை நான்தான் ஓட்டுகிறேன், செவலை நன்றாக நடக்கிறது.

இனிப் பணத்துக்கு என்ன வழி என்று நீ கேட்பாய். நம் வத்தலை வாங்குகிற கடையநல்லூர் முகம்மது ஹுசைன் அண்ணாச்சியிடம் போய் அழாமல் கேட்டேன். இங்கே வத்தல் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைக்கிற மகமைப் பணம் இருக்கிறதல்லவா, அதிலிருந்து படிக்கிற பிள்ளைகளுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார்கள், வேலை கிடைத்ததும் மாதாமாதம் கட்டவேண்டும். சர்க்காருக்குத் திருப்பிக் கட்டவும் உன் பரீட்சைப் பணத்துக்கும் அது காணும். அண்ணாச்சி தானே ஜாமீன் நிற்கிறேன் என்றார். ஒன்று மட்டும் சொன்னார், தங்கச்சி, படிக்கதுக்கு வாங்குத கடனுக்கு ஜாமீன் போடுதேன், உம் மவன் வந்து கொலைகிலை பண்ணிட்டு ஜெயிலுக்குப் போனா அவன் கடனை நான்லா கட்டணும், அதை அவனுக்கு எழுது என்றார். எழுதிவிட்டேன். உன் கார்டு அவர் வரைக்கும் போயிருக்கிறது பார்.

கடன் பத்திரத்தில் அப்பா கைநாட்டு வேண்டும் என்றார்கள். வரமாட்டார் என்று நினைத்தேன், சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். எழுதுகிறவர் மை டப்பாவைத் திறந்து வைத்தார். அப்பா பழக்கத்தில் இடது கையை நீட்டிவிட்டார். கட்டுப்போட்ட கை மைக்கு மேலேயே நின்றது, அண்ணாச்சி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவரே கையை இழுத்துக்கொண்டு வலது பெருவிரலை வைத்தார். புதுசு என்பதால் மை அப்பிவிட்டது. இடது பெருவிரல் இல்லாதபடியால் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், நீயே பார்ப்பாய். அந்தப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவர் ரேகைக்குக் கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து நின்றார். இத்தனை நாளைக்கப்புறம் என்னிடம் பேசினார். அவன வரவேண்டாம்னு எழுது, என் தம்பி ஒரு விரலோட நிப்பாட்டிட்டான், உன் மவன் நிப்பாட்டமாட்டான் என்றார். உன் மவன் என்று சொல்லிவிட்டார், என் ரத்தம்தான் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. மம்பட்டியை மூன்றாவது தரம் ஓங்கின கைதான் இதை எழுதுகிறது, என் காலைக் கட்டிக்கொள்ள ஒருத்தி இருந்தாள், உனக்கு அங்கே ஒருவரும் இல்லையே என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வராதே மக்கா.

கோமதியம்மன் உன் கூடவே இருக்கட்டும், படித்ததெல்லாம் பரீட்சையில் கைக்கு வரட்டும், நீண்ட ஆயுசோடு இரு. கோவில் புற்றுமண் மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் தபாலில் உடனே அனுப்பு, மறந்துவிடாதே, அப்பா விரல் அடையாளத்தின் மேல் பேனா படாமல் போடு.

இப்படிக்கு
உன் அம்மா
பகவதி