வலிக்காத கட்டி

காலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் முழுக்க மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த வாசனை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காலில் அட்டை கடித்த இடம் சீழ் பிடித்து, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. நொண்டி நொண்டி நடக்கிறாள். என்னோடு கொழுந்து பறித்த உன் கழுத்துதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

உனக்கும் இதே பற்றுதான் போட்டோம். இடது கழுத்தெலும்புக்கு மேலே, கொழுந்துப் பையின் பட்டை அழுத்துகிற இடத்தில், சின்னதாக ஒரு கட்டி. சேரம்பாடியில் கொழுந்து பறிக்கிற யாருக்குத்தான் அந்த இடம் தடிக்கவில்லை? பட்டை உரசியதுதான் என்று நீ சொன்னாய், நாங்களும் அதையே சொன்னோம். பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாய். "சங்கிலிதான் இல்ல, டாலராவது கெடச்சிச்சே" என்று சட்டையை விலக்கிக் காட்டிச் சிரித்தாய். நிரையில் பக்கத்துப் பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தோம்.

பட்டை மாறியும் கட்டி வளர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் உன்னிடம் ஒரே பதில்தான். "வலிக்கவே இல்ல புள்ள. வலிக்காததுக்கு எதுக்கு லீவு?" ராத்திரியில் உடம்பு வேர்த்ததையும் ரவிக்கை தொளதொளத்ததையும் மழைக்காலத்தின் மேல் போட்டாய்.

கடைசியில் கூடலூரில் டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் முகம் மாறினார். "புண்ணோ சளியோ வந்தா நெறி கட்டும், வலிக்கும், கொஞ்ச நாள்ல வத்திரும். பெரும்பாலும் பயமில்ல. வலிக்காம, கல்லு மாதிரி, நகராம வளர்ந்தா உடனே காட்டணும்மா" என்றார். சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று. அதற்குள் அது உள்ளே எங்கெங்கோ பரவியிருந்தது.

அந்தக் கட்டி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. நெருஞ்சி முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள் நீ. அது கொஞ்சம் வலித்திருக்கக் கூடாதா?

நீ கண்மூடுவதற்கு முன் என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாய். "இப்பவும் வலிக்கல பாரு. வலிச்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேன்ல?" என்று கேட்டாய். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கால் புண்ணை டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டேன். கட்டி வற்றுகிறதா என்று தினமும் கேட்கப் போகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. குளிக்கும்போது என் விரல்கள் தானாக என் கழுத்தெலும்புக்கு மேலே போய் நிற்கின்றன. அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுக்க மனம் வருவதில்லை. உன் உடம்பில் நான் கடைசியாகத் தொட்டது அந்த இடத்தைத்தான்.